சுருங்காத மழைத்துளி

போன மார்கழியில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 8 மீட்டர் நீளத்துக்குப் பித்தளைத் தண்டவாளம் போட்டேன். தோட்டத்தில் ஓடும் மாதிரி ரயிலுக்கான பாதை; இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 45 மில்லிமீட்டர். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, துண்டுகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி, ஒவ்வொரு இணைப்பையும் திருகாணி போட்டு முறுக்கினேன். முனைகள் அசையக்கூடாது என்று இரண்டு பக்கமும் சிமென்ட் கலவையில் பதித்தேன். விடியற்காலைக் குளிரில் பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

சித்திரை வந்தது. ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், பாதையின் நடுப்பகுதி செம்பருத்திப் பாத்திக்குள் வில்லாக வளைந்து கிடந்தது. நாய் மிதித்த தடம் இல்லை, யாரும் இடித்த அடையாளமும் இல்லை. தண்டவாளத்தில் விரல் வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. ஸ்கேல் வைத்து அளந்தேன். நேர்கோட்டிலிருந்து 13 சென்டிமீட்டர் விலகியிருந்தது.

சூடானால் உலோகம் விரியும் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். எவ்வளவு விரியும் என்பதுதான் கேள்வி. ஒரு மீட்டர் பித்தளை, ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் 0.019 மில்லிமீட்டர் நீளும். மார்கழி விடியலில் தண்டவாளம் 24 டிகிரியில் இருந்தது. சித்திரை வெயிலில் கிடக்கும் உலோகம் காற்றைவிட மிகவும் சூடாகி 60 டிகிரியைத் தொடும். வித்தியாசம் 36 டிகிரி. 8 மீட்டரை 36-ஆலும் 0.019-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர் வருகிறது. ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை.

நெல்மணி அளவு நீட்சி எப்படி 13 சென்டிமீட்டர் வளைவாகியது? இதற்குப் பிதாகரஸ் போதும். முனைகள் நகரவில்லை, ஆகவே நடுப்புள்ளி வரை தரையில் 4 மீட்டர்தான். அந்த 4 மீட்டருக்குள் இருக்கவேண்டிய தண்டவாளம் இப்போது 4.0027 மீட்டர். செங்கோண முக்கோணத்தில் அடிப்பக்கம் 4, கர்ணம் 4.0027 என்றால் மூன்றாவது பக்கம் 14.8 சென்டிமீட்டர். தண்டவாளம் முக்கோணமாக முறியாமல் வில்லாக வளைவதால் சற்றுக் குறைந்து 13-இல் நின்றது. கணக்கை முடித்துவிட்டு மறுபடி போய் அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. அந்த நிமிடத்தில் எனக்குக் கோபமே வரவில்லை.

இதே 8 மீட்டரை வட்டமாகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுற்றளவு அதே ஐந்தரை மில்லிமீட்டர் கூடும். சுற்றளவை 2π-ஆல் வகுத்தால் ஆரம். ஆக ஆரம் கூடுவது 0.9 மில்லிமீட்டருக்கும் குறைவு. வட்டம் எல்லாப் பக்கமும் ஒரு மயிரிழை விரிந்து, சாயங்காலம் பழையபடி சுருங்கிக்கொள்ளும். பார்ப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. நேர்ப்பாதையை இரண்டு முனையிலும் கட்டிவைத்ததுதான் நான் செய்த பிழை. மறுபடி போட்டபோது முனைகளைச் சிமென்ட்டிலிருந்து விடுவித்தேன். 1.2 மீட்டர் துண்டு ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகளைத் தரையில் ஆணியடிக்காமல் ஜல்லியில் மிதக்கவிட்டேன்.

பெரிய ரயில்வேயும் நெடுங்காலம் இப்படித்தான் இடைவெளி விட்டது. பழைய ரயில் பயணங்களின் ‘தடக் தடக்’ சத்தம் சக்கரம் அந்த இடைவெளிகளைத் தாண்டும் சத்தம். இன்று தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். விரிவதற்கு இடமே கிடையாது; கான்கிரீட் ஸ்லீப்பர்களின் எடையும் ஜல்லியின் பிடிப்பும் தண்டவாளத்தை அமுக்கி வைத்திருக்கின்றன. தோட்டத்து ரயிலில் அந்த எடை இல்லை. பெரியதற்குப் பொருந்தும் தீர்வு சின்னதற்குப் பொருந்தாமல் போவதை இந்த அத்தியாயம் முழுக்கப் பார்க்கப்போகிறோம். எஞ்சினைச் சுருக்கலாம், பெட்டியைச் சுருக்கலாம், பாலத்தைச் சுருக்கலாம். வெயிலையும் மழையையும் புவியீர்ப்பையும் சுருக்க முடியாது. வீட்டுக்குள் மேசைமேல் ஓடும் பொம்மை ரயில் இந்த உண்மையிலிருந்து பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. தோட்டத்தில் தப்ப வழியில்லை.

முதலில் அந்த 45 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் பொம்மை ரயில் செய்த ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய அகலத்தில் பாதை செய்தார்கள். ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் எண்ணிட்ட நிலையான அகலங்களை அறிமுகப்படுத்தியது. அவற்றில் ‘1’ என்ற எண்ணுக்குரிய அகலமே இன்றைய 45 மில்லிமீட்டர். உலகின் பெரும்பகுதியில் ஓடும் 1435 மில்லிமீட்டர் பாதையை 32 மடங்கு சுருக்கினால் அந்த அகலம் வரும். பிறகு 1968-இல் லேமன் என்ற பழைய ஜெர்மன் பொம்மை நிறுவனம் அதே பாதையை எடுத்துக்கொண்டு வேறொரு கணக்குப் போட்டது. மலைகளில் ஓடும் மீட்டர் கேஜ் ரயிலை 22.5 மடங்கு சுருக்கினால் 44.4 மில்லிமீட்டர், அதே பாதையில் ஓட்டிவிடலாம். பெட்டிகள் பெரிதாக, கைக்கு அடக்கமாக, மழையில் நனைந்தாலும் தாங்குவதாக இருந்தன. எல்ஜிபி என்ற அந்த வரிசைதான் தோட்டத்து ரயிலை எந்திரக் கைத்தொழில் தெரிந்த சிலரிடமிருந்து சாதாரணக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தது. எல்ஜிபி என்ற எழுத்துகளுக்கு ‘லேமனின் பெரிய ரயில்’ என்று பொருள்.

மீட்டர் கேஜ் என்ற சொல் நம் காதுக்கு அந்நியமானதல்ல. தென்னகத்தின் பாதி ஊர்கள் ஒரு காலத்தில் அந்தப் பாதையில்தான் இணைந்திருந்தன. தமிழ்நாட்டில் இன்று எஞ்சியிருப்பது நீலகிரி மலை ரயில் ஒன்றுதான். ஆகவே ஊட்டி ரயிலைத் தோட்டத்தில் ஓட்ட ஆசைப்படுகிறவருக்குச் சரியான அளவு 22.5-இல் ஒன்று. இனி வரும் கணக்குகளையும் அந்த அளவிலேயே போடுவோம்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் 22.5 மடங்கு சுருக்கினால் பரப்பு 506 மடங்கு குறையும். கொள்ளளவு 11,390 மடங்கு குறையும். 20 டன் எஞ்சின் 1.76 கிலோ ஆகிவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மலை ரயிலுக்குத் தோட்டத்தில் உரிய வேகம் விநாடிக்கு 37 சென்டிமீட்டர். தவழும் குழந்தையின் வேகம் அது. புதிதாக ஓட்டுகிறவர்கள் இதைவிட மூன்று மடங்கு வேகமாக ஓட்டுவார்கள். பார்க்கிறவருக்கு ஏதோ ஒன்று பொய்யாகத் தெரியும், எதுவென்று சொல்லத் தெரியாது.

பொருள் விழும் வேகமோ சுருங்குவதில்லை. 4.5 மீட்டர் உயரப் பாலத்திலிருந்து ஒரு பெட்டி விழுந்தால் தரையைத் தொட கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும். அதையே 20 சென்டிமீட்டர் உயரத் தோட்டத்துப் பாலமாக்கினால் விழும் நேரம் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. நீளம் 22.5 மடங்கு குறைய, நேரம் அதன் வர்க்கமூலமான 4.74 மடங்குதான் குறைகிறது. பழைய படங்களில் ரயில் கவிழும் காட்சியை மாதிரி வைத்து எடுத்தவர்களுக்கு இது தெரியும். விநாடிக்கு 24 படச்சட்டம் ஓடும் கேமராவை இந்த அளவு மாதிரிக்கு 114 என்று ஓட்டிப் படமெடுத்து, மெதுவாகத் திரையிட்டால்தான் கவிழ்வது நிஜமாகத் தெரியும். அந்த வர்க்கமூலத்தை மறந்த காட்சிகள் இன்றும் சிரிப்பை வரவழைக்கின்றன.

அடுத்தது வளைவு. கடையில் கிடைக்கும் மிக நெருக்கமான எல்ஜிபி வளைவின் ஆரம் 60 சென்டிமீட்டர். நிஜ அளவில் இது பதின்மூன்றரை மீட்டர். உலகப் புகழ்பெற்ற சுவிட்சர்லாந்தின் பெர்னினா மலைப்பாதையிலேயே மிக நெருக்கமான வளைவு 45 மீட்டர் ஆரம். அதன்படி தோட்டத்தில் 2 மீட்டர் வேண்டும். இடம் போதாதவர்கள் 60-இல் போட்டுவிடுகிறார்கள். ரயிலும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் கிறீச்சென்று கத்திக்கொண்டு ஓடுகிறது. ஏன் கத்துகிறது என்பது ரயில் இயற்பியலிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி.

ரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை; தனித்தனியாகச் சுழல முடியாது. வளைவில் வெளித்தண்டவாளம் நீளம் அதிகம், உள்தண்டவாளம் குறைவு. ஒரு முழு வட்டத்துக்கு இந்த வித்தியாசம் 2π பெருக்கல் 45, அதாவது 283 மில்லிமீட்டர். வட்டம் தட்டு அளவு சின்னதாக இருந்தாலும், கோயில் குளத்தைச் சுற்றிப் போகும் அளவு பெரிதாக இருந்தாலும் இந்த 283 மாறாது. முதல் தடவை இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிற யாருக்கும் நம்பிக்கை வராது; ஆரம் சமன்பாட்டிலிருந்தே விழுந்துவிடுகிறது. சின்ன வட்டத்தில் அந்த 283 மில்லிமீட்டர் பாக்கியைச் சில மீட்டருக்குள் தீர்க்கவேண்டும். பெரிய வட்டத்தில் பல மீட்டரில் பரப்பித் தீர்க்கலாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பாக்கியைத் தீர்ப்பது சக்கரத்தின் வடிவம். ரயில் சக்கரம் உருளையல்ல, சற்றே கூம்பு. உள்விளிம்புப் பக்கம் விட்டம் அதிகம், வெளிப்பக்கம் குறைவு. வளைவில் அச்சு வெளிப்புறமாக நகரும்போது வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருள்கின்றன. ஒரே சுற்றில் ஒன்று அதிக தூரமும் மற்றது குறைந்த தூரமும் போய்விடும். ரிச்சர்ட் ஃபைன்மன் 1983-இல் பிபிசி தொலைக்காட்சியில் கண்கள் மின்ன இதை விளக்கினார். வீட்டிலேயே பார்க்கலாம். கூம்பு வடிவப் பேப்பர் டம்ளர் இரண்டை வாய்க்கு வாய் ஒட்டுங்கள். இரண்டு நீளக் குச்சிகளைச் சற்றே சரிவாக, இணையாக வைத்து மேலே உருட்டுங்கள். எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அது தானே நடுவுக்கு வரும். அடிக்கு அடி ஒட்டி உருட்டினால் நேராகப் போகாது, ஒரு பக்கம் சாய்ந்து கீழே விழும்.

எண்ணில் பார்த்தால், 60 சென்டிமீட்டர் ஆரத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏழரை சதவீதம் அதிகம் ஓடவேண்டும். மாதிரிச் சக்கரத்தின் கூம்பு தரக்கூடியது ஒரு சதவீதம் அளவுக்குத்தான். மிச்சத்தைச் சக்கரம் உரசித்தான் தீர்க்கிறது. அந்தக் கிறீச்சொலி அதுதான். தண்டவாளமும் சக்கரமும் தேய்கின்றன, மோட்டாருக்குச் சுமை கூடுகிறது. ஆரத்தை 3 மீட்டராக்கினால் தேவை ஒன்றரை சதவீதமாக இறங்குகிறது, சத்தம் அடங்கிவிடும். ஆகவே தோட்டத்தில் எவ்வளவு பெரிய வளைவு போட முடியுமோ அவ்வளவு பெரிதாகப் போடுங்கள். பாதை நீளத்தைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, வளைவைக் குறைக்காதீர்கள்.

ஏற்றம் இன்னும் கறாரானது. ஒரு பாதை இன்னொரு பாதைக்கு மேலே பாலத்தில் போகவேண்டுமென்றால் 20 சென்டிமீட்டர் உயரம் தேவை. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் ஏற்றினால் அந்த உயரத்துக்கு 10 மீட்டர் பாதை ஆகும்; இறங்க இன்னொரு 10 மீட்டர். எஞ்சினோடு சேர்த்து 5 கிலோ எடையுள்ள ரயிலை 2 சதவீத ஏற்றத்தில் இழுக்க 100 கிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும்; 5 சதவீதத்தில் 250 கிராம். காய்ந்த உலோகச் சக்கரம் உலோகத்தின்மேல் வழுக்காமல் தரக்கூடிய பிடிப்பு தோராயமாக எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 1.76 கிலோ எஞ்சினுக்கு அது 350 கிராம். அதிலேயே வளைவின் உரசலும் அச்சுகளின் உரசலும் கழியும். பனி ஈரம் ஒட்டிய காலையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. சக்கரம் சும்மா சுழலும். ஏறக்குறைய 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் ஊட்டி ரயில் பிடிப்பை நம்பாமல் நடுவில் பல்சட்டம் வைத்திருப்பது இதனால்தான்.

சுற்றி ஏறுவதற்கு அழகான முன்மாதிரி வேண்டுமென்றால் பெர்னினா பாதையின் புரூசியோ பாலத்தைப் பாருங்கள். 1908-இல் கட்டிய ஒன்பது வளைவுக் கல்பாலம். பாதை அதன்மேல் போய் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஒரு வளைவுக்கு அடியில் தானே புகுந்து இறங்குகிறது. அதன் ஆரம் 70 மீட்டர். நம் அளவில் 3.1 மீட்டர். ஆறரை மீட்டர் சதுர இடம் இருந்தால் அதைத் தோட்டத்தில் அப்படியே கட்டிவிடலாம். அடுத்து நான் கட்டப்போவது அதுதான்.

தோட்டத்து ரயில்களில் உலகமறிந்தது வால்ட் டிஸ்னியுடையது. லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 800 மீட்டர் பாதை போட்டு 1950-இல் ஓட்டத் தொடங்கினார். எட்டில் ஒரு பங்கு அளவு. பாதை அகலம் 184 மில்லிமீட்டர். நிஜ நீராவி எஞ்சின், மேலே ஆள் உட்கார்ந்து ஓட்டலாம். எஞ்சினுக்கு மனைவி லில்லியன் பெயரைத் தழுவி ‘லில்லி பெல்’ என்று பெயரிட்டார். வீட்டு நிலத்தில் பாதை போக அனுமதி தருவதாக மனைவியிடம் சட்டப்படி ஒரு பத்திரமே எழுதிக் கையெழுத்து வாங்கினார். மனைவியின் பூந்தோட்டத்தைக் கெடுக்காமலிருக்க அதன் அடியில் 27 மீட்டர் சுரங்கம் தோண்டினார். சுரங்கத்தை ‘எஸ்’ வடிவில் வளைத்துத் தோண்டியதால் உள்ளே நுழைபவருக்கு அடுத்த முனை தெரியாது. இருட்டுக்குள் போகும் அந்தச் சில விநாடிகளுக்காக அத்தனை செலவு. அதைச் சரியான செலவென்றே நான் சொல்வேன்.

அந்த ரயிலில் எஞ்சின் சுருங்கியது, அதன்மேல் உட்கார்ந்த மனிதர் சுருங்கவில்லை. ரயிலின் எடைமையம் சக்கரங்களிலிருந்து மிக உயரத்துக்குப் போய்விடுகிறது. 1953-இல் ஒரு விருந்தினர் வளைவில் வேகமாக ஓட்டியபோது எஞ்சின் தடம்புரண்டது. வெளிவந்த நீராவியில் ஒரு சிறுமியின் காலில் சூடுபட்டது. டிஸ்னி அத்தோடு பாதையை மூடிவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து 1955-இல் திறந்த டிஸ்னிலாந்தைச் சுற்றிப் பெரிய ரயில் ஒன்று ஓடியது. அதன் விதை வீட்டுத் தோட்டத்தில் விழுந்ததுதான்.

நீராவி என்று வந்துவிட்டதால் பாய்லரைப் பற்றியும் சொல்லவேண்டும். கல்யாண வீட்டு அண்டாவில் இருக்கும் சாம்பார் கடைசிப் பந்தி வரை சூடாக இருக்கிறது. டம்ளரில் ஊற்றிய காபி பேச்சு முடிவதற்குள் ஆறிவிடுகிறது. சூடு தங்குவது கொள்ளளவில். வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. 22.5 மடங்கு சுருக்கிய பாய்லரில், கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு 22.5 மடங்கு அதிகம். ஆக அது டம்ளர் காபியாகிவிடுகிறது. நிஜ பாய்லரில் நெருப்பின் புகை 5 சென்டிமீட்டர் அளவுள்ள பல குழாய்கள் வழியாகத் தண்ணீருக்குள் ஓடும். அதே குழாய்களைச் சுருக்கினால் 2 மில்லிமீட்டர் சொச்சம். புகை அதற்குள் நுழையாது. மெல்லிய குழாயின் விட்டம் பாதியானால் அதே அழுத்தத்தில் பாயும் அளவு பதினாறில் ஒன்றாகிவிடும். ஆகவே 1920-களில் இங்கிலாந்தில் சின்ன எஞ்சினுக்கு எந்த பாய்லர் சரி என்று பெரிய விவாதமே நடந்தது. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் ‘மாடல் எஞ்சினியர்’ இதழில் எழுதிய கர்லி லாரன்ஸ், 63.5 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் ‘ஆயிஷா’ என்ற எஞ்சினைக் கட்டி, நிலக்கரி போட்டு எரித்து, வளர்ந்த மனிதரை உட்காரவைத்து இழுத்துக் காட்டினார். பெரிய எஞ்சினின் உள்ளமைப்பை அப்படியே பிரதியெடுக்காமல், சின்ன நெருப்புக்கு எது தேவையோ அதைச் செய்தார். இன்று 45 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் நீராவி எஞ்சின்கள் பலவற்றில் ஒரே ஒரு அகலக் குழாய், அதற்குள் பியூட்டேன் வாயுச் சுடர். வெளித்தோற்றம்தான் பழைய எஞ்சின்.

இப்போது மழை. நடுத்தர மழைத்துளியின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ரயிலில் பயணம் செய்யும் 7 சென்டிமீட்டர் மனிதனுக்கு அது கிட்டத்தட்ட ஒரு கிரிக்கெட் பந்து. ஐப்பசியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்வது நமக்குச் சாதாரண மழை. அந்த உலகத்தில் ஒரு மீட்டருக்கும் மேல் வெள்ளம்.

ஆகவே பாதைக்கு அடியில் இருக்கும் வேலைதான் பாதையைவிட முக்கியம். ஒரு சாண் ஆழம் பள்ளம் வெட்டி, தண்ணீர் வடிய ஒரு பக்கமாக வாட்டம் கொடுங்கள். முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, களை முளைக்காமலிருக்கும் துணி விரித்து, அதன்மேல் பாதையின் ஜல்லி. இங்கேதான் அளவை மீறவேண்டும். நிஜ ரயில்பாதையின் 5 சென்டிமீட்டர் ஜல்லி நம் அளவில் 2.2 மில்லிமீட்டர், பார்க்கக் கச்சிதமாக இருக்கும், முதல் பெருமழையில் பாத்திக்குப் போய்விடும். தண்ணீர் கல்லைத் தள்ளும் விசை கல்லின் முகப்பரப்பைப் பொறுத்தது; கல் உட்கார்ந்திருப்பது எடையால். கல்லின் விட்டம் பாதியானால் தள்ளும் விசை கால்பங்காகும், எடையோ அரைக்கால் பங்காகிவிடும். சின்னக் கல் தோற்கிறது. கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லி வாங்குங்கள். உடைத்த கல்லாக இருக்கட்டும். கூழாங்கல் அழகுதான், ஆனால் உருளும். உடைத்த கல்லின் கூர்முனைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பூட்டுப் போட்டதுபோல நிற்கும்.

ஸ்லீப்பர் கட்டைகள் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறு இழைகளை அறுக்கிறது. நிறம் வெளுத்து, நொறுங்கும். பிளாஸ்டிக்கில் கலந்த கரித்தூள் அந்தக் கதிரை வாங்கிக்கொள்ளும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கறுப்பாகச் செய்வதிலும் இந்தக் காரணம் உண்டு.

தண்டவாளம் வழியாகவே மின்சாரம் அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பித்தளைத் தண்டவாளம் தடிமனானது. அதன் மின்தடை மிகக் குறைவு. தொல்லை இணைப்புகளில்தான். மழையும் காற்றும் சேர்ந்து பித்தளைமேல் கறுத்த ஆக்சைடு படலம் போடும். பூஜையறைக் குத்துவிளக்கில் வருவது இதே படலம்தான்; புளியின் அமிலம் அதைக் கரைக்கிறது. தண்டவாளத்துக்குப் புளி வேண்டாம், கழுவாத அமிலம் இணைப்புக்குள் தங்கி மறுபடி அரிக்கும். பாத்திரம் தேய்க்கும் நாரை ஒரு கட்டையில் சுற்றி மேல்பரப்பைத் தேய்த்தால் போதும். நான் இப்போது பெட்டிக்குள் பேட்டரி வைத்து, ரேடியோ கருவியால் ஓட்டுகிறேன். நம் மழைக்கும் எறும்புக்கும் அதுதான் சரி.

உயிரினங்கள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் என் பாதையில் அதிகம் பயணம் செய்வது மரவட்டை. நாம் அதை ரயில் பூச்சி என்றும் சொல்கிறோம், அதன் நடையைப் பார்த்து. ஜப்பானியரும் ஒரு வகை மரவட்டைக்கு ரயிலின் பெயரையே வைத்திருக்கிறார்கள், வேறு காரணத்துக்காக. மத்திய ஜப்பானின் மலைக்காடுகளில் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அவை கூட்டம் கூட்டமாக வெளியே வரும். தண்டவாளத்தை அவை மூடிக்கொள்ள, நசுங்கிய உடல்களில் சக்கரம் வழுக்கி ரயில்கள் நின்றிருக்கின்றன. 1920-லேயே இது பதிவாகியிருக்கிறது. அங்கே முழு அளவு ரயிலுக்கே பிடிப்பு போய்விடுகிறதென்றால், 1.76 கிலோ எஞ்சினுக்கு ஒரே ஒரு மரவட்டை போதும். ஓட்டுவதற்கு முன் பாதையைக் கூட்டிவிடுங்கள். அதற்கும் நல்லது, ரயிலுக்கும் நல்லது.

செடிகளில் பார்க்கவேண்டியது இலையின் அளவு. ஆறு சென்டிமீட்டர் வேப்பிலை அந்த உலகத்தில் 1.35 மீட்டர் நீளம். எவ்வளவு சின்ன வேப்பங்கன்றாக இருந்தாலும் பொருந்தாது. பொடி இலைச் செடிகள் பொருந்தும். களை என்று பிடுங்கிப்போடும் கீழாநெல்லி 20 சென்டிமீட்டர் வளர்ந்தால் நாலரை மீட்டர் உயரச் சாலையோர மரம். பாதையோரம் தானாக முளைத்த ஏழெட்டுக் கீழாநெல்லியை நான் பிடுங்காமல் விட்டிருக்கிறேன். சாயங்கால வெயிலில் ரயில் அவற்றின் நிழலுக்குள் புகுந்து வெளிவருவதைப் பார்க்க எங்கள் தெருப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள்.

கட்டத் தொடங்கப்போகிற வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு துண்டுத் தண்டவாளம்கூட வாங்குவதற்கு முன், பாதை போட நினைத்திருக்கும் இடத்தில் நாலைந்து வாளித் தண்ணீரைக் கொட்டுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, வடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதையின் முதல் வரைபடம் அந்தத் தாள்தான்.